உன் பபாயை உன் மாமன் கேட்கிறான்

அபையாங் தீவு,
கடல் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிற ஒரு திங்கட்கிழமை

ஆக்லாந்தில் சுகமாக இருக்கிற, சுகமாக இருந்தே தீர வேண்டிய என் மகள் தெரேசியாவுக்கு, அப்பா தெபானோ தன் சொந்தக் கையால் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் பன்றிகளும் நலம். உன் நலத்தையும், நீ வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் உன்னை நம்பியிருக்கிற வெள்ளைக்காரக் கிழவர்களின் நலத்தையும் ஞாயிறுதோறும் ஆண்டவரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

மேலே ‘சொந்தக் கையால்’ என்று இருக்கிறதே, அதை இன்னொரு முறை படி. நானும் அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதுவரை துடுப்பைத் தவிர எதையும் பிடிக்காத கை இது. ஊர்கூடும் மனேயாபாக் கூரையின் கீழே புதன்கிழமைகளில் உன் அம்மா கிழவர்களுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறாள். “தூண்டில் கயித்தைச் சுண்டுற மாதிரி சுண்டாதீங்க, பேனா எங்கயும் நீந்திப் போயிடாது” என்று எல்லோர் முன்னிலும் சொல்வாள். அவமானம்தான். இருந்தாலும் கற்றுக்கொண்டேன். மெதுவாகத்தான் எழுத வரும். ஒரு வாக்கியத்தைக் கோபமாக ஆரம்பித்தால் முற்றுப்புள்ளிக்கு வந்து சேர்வதற்குள் கோபம் ஆறிப்போகிறது. ஆகவே கீழே நான் யாரையாவது திட்டியிருக்கும் இடத்தில் வார்த்தை சாதுவாக இருந்தால், அது கிளம்பும்போது அப்படி இல்லை என்று புரிந்துகொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ நினைக்கலாம். போனுக்குச் சிக்னல் கிடைப்பது படகுத்துறையின் நுனியில் மட்டும்தான் என்பது உனக்குத் தெரியும். உன்னோடு பேசப் போகிறேன் என்று தெரிந்தால் பாதி ஊர் பின்னாலேயே வந்து நிற்கிறது. நான் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்பதற்குள் ஒருத்தி தையல் இயந்திரம் என்கிறாள், ஒருவன் மீன்வலை என்கிறான், எல்லோரும் புபுசி, புபுசி என்கிறார்கள். சொந்தக்காரன் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்? இல்லை என்று சொன்னவன் எந்த முகத்தோடு மனேயாபாவில் தன் தூணில் போய்ச் சாய்வான்? போன தடவை நீ சொன்னாய்: “அப்பா, நம்ம ஊர் நம்பரப் பாத்தாலே நெஞ்சு பக்குங்குதுப்பா. இன்னிக்கு யாரு, என்னத்தக் கேக்கப் போறாங்களோன்னு.” அன்று துறையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே முடிவு செய்தேன். ஊரில் ஒருவராவது உன்னிடம் ஒன்றும் கேட்காதவராக இருக்க வேண்டும். அது நான். ஆகவே பயப்படாமல் படி. இந்தக் கடிதத்தில் நான் ஒன்றும் கேட்கவில்லை.

இனி நடந்தவை. பெரிய ஓதத்தின்போது கடல் வழக்கமான கரையில் நிற்காமல், பாதையைத் தாண்டி, பன்றிக் கொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, நேராக நம் பபாய்க் கிழங்குக் குழியில் இறங்கிவிட்டது. குழியின் அடியில் ஊறுகிற நல்ல தண்ணீரை நம்பித்தானே பபாய் நிற்கிறது, அது உப்பாகிவிட்டால் கிழங்கு என்ன செய்யும்? இலைகள் மஞ்சளாகி ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. நம் குழி மட்டுமா, இந்தப் பக்கத்துக் குழிகள் எல்லாமே போயின. எஞ்சியது ஒரே ஒரு செடி. அது எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ விமானம் ஏறிய வாரத்தில், நீ திரும்பி வரும் நாளின் விருந்துக்கென்று உன் பேரில் நான் நட்டது. இப்போது அது என்னைவிட உயரம். உன் அம்மா அதைப் பார்த்து, “உங்க பொண்ணு மாதிரியே பிடிவாதம்” என்றாள். உன் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தில் அமைதி வேண்டும்.

இந்தச் சமயத்தில் தலைநகர் தராவாவிலிருந்து ஓர் உதவித் திட்டம் வந்தது. கடல் ஏறிக்கொண்டேதான் இருக்கப் போகிறது, நாமும் கொஞ்சம் மாறிக்கொள்ள வேண்டும் என்கிற திட்டம். எரேத்தா என்று ஒரு பெண், கெட்டிக்காரி, முழங்காலளவு சேற்றில் இறங்கித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கிறவள். வீட்டுப் பக்கத்தில் மேடாக ஒரு சிமெண்டுப் பாத்தி கட்டினாள். கடல் வந்தாலும் எட்டாது. உன் பபாயை வேரோடு பெயர்த்து அதில் வைத்தோம். என்னென்ன இலையை உரமாகப் போட்டேன் என்று கேட்டாள். “அதக் கேக்காதம்மா, அது எங்க குடும்பத்துக்குள்ள” என்றேன். சிரித்துக்கொண்டே காதைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். நல்ல வளர்ப்பு. அந்த இலைகளின் பெயரை உனக்கும் எழுத மாட்டேன். அது எழுதுகிற விஷயம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்து காதில் சொல்கிற விஷயம். போகட்டும்.

பாத்திக்கு ஊற்றக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, மழைத் தண்ணீர் வேண்டும். நம் கூரை தகரம் என்பதால் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும், கூரையோரம் தண்ணீர் ஓடும் தகரக் குழாயும், தண்ணீர் திறக்கப் பளபளவென்று ஒரு பித்தளைத் திருகும் நம் வீட்டிலேயே வைத்துவிட்டு எரேத்தா படகேறினாள். படகு கண்ணை விட்டு மறையவில்லை, என் சித்தப்பா மகன் வந்து பித்தளைத் திருகைக் கேட்டான். அவன் வீட்டில் தொட்டியே கிடையாது. “எதுக்குடா?” என்றேன். “அழகா இருக்குண்ணே” என்றான். கொடுத்தேன். அதைத் தன் வீட்டுத் தூணில் அடித்து வைத்து மாலை நேரங்களில் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். அடுத்து தகரக் குழாய். உன் அம்மாவின் தங்கை கேட்டு வாங்கி இரண்டாக வெட்டி, அதில் தன் பன்றிகளுக்குத் தீனி வைத்தாள். அதைப் பார்த்த நம் பன்றிகள் அன்றிலிருந்து தரையில் போட்டால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. மூன்றாவதாக உன் தாய்மாமன் கவுத்துனா வந்து தொட்டியையே கேட்டான். அதைக் கரையோரமாக உருட்டிக்கொண்டு போக ஆள் போதவில்லை என்று என்னையும் கூப்பிட்டான். என் தொட்டி என்னை விட்டுப் போகிறது, அதை நானே பின்னாலிருந்து தள்ளுகிறேன். வழியில் இருந்தவர்கள் எல்லாம் பாடினார்கள். நானும் பாடினேன்.

மழை வந்தது, போனது. பாத்தியில் மண் வெடித்தது. உன் பபாயின் நடு இலை சுருள ஆரம்பித்தது. அது சுருளுவதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நாட்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று உன் அம்மா சொல்கிறாள்.

எரேத்தா மறுபடி வந்தாள். வீட்டைச் சுற்றி வந்தாள்.

“தாத்தா, தொட்டி எங்க?”

“மச்சான் கேட்டான்.”

“குழாய்?”

“பன்றி வீட்டுல.”

“திருகு?”

“அது சாயந்தரம்தான் திறக்கும்மா.”

நெற்றியில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே, யாரைத் திட்டுவாள்? பிறகு, “எங்க பாட்டி இந்த ஊர்தான், தெரியுமா?” என்றாள். பாட்டி பெயரைச் சொன்னாள். அவ்வளவுதான், ஊரில் பாதிப் பேருக்கு அவள் பேத்தி முறை! எழுந்து வீடு வீடாகப் போய்ப் புபுசி கேட்டாள். திருகு வந்தது, வெட்டுப்பட்ட குழாய் பன்றித் தீனியோடு வந்தது, தொட்டி அதே கரையோரமாக அதே பாட்டோடு திரும்பி வந்தது. கிடைத்த எல்லாவற்றையும் அவள் மனேயாபாக் கூரையோரத்தில் பொருத்தினாள். “இது இனிமே யாரோடதும் இல்ல, மனேயாபாவோடது. கேக்கணும்னா மனேயாபாவத்தான் கேக்கணும்” என்றாள். தூணிடமும் கூரையிடமும் எப்படிக் கேட்பது? இப்போது எல்லோர் வீட்டுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர். நானும் காலையும் மாலையும் சுமந்து வந்து ஊற்றுகிறேன். இலை நிமிர்ந்துவிட்டது, மகளே. அன்றைக்கு நான் சத்தமாகச் சிரித்ததில் கோழிகள் மரத்தில் ஏறிவிட்டன.

சந்தோஷம் நீடிக்கவில்லை. ஒரு மாலை கவுத்துனா குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, உன் அத்தையையும் கூட்டிக்கொண்டு வந்தான். அவன் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் எதையோ கேட்கப் போகிறான் என்று அர்த்தம்.

“மச்சான், காத்து நல்லாருக்கு.”

“இருக்கு.”

“கடலும் அடங்கியிருக்கு.”

“அடங்கியிருக்கு. என்ன வேணும், சொல்லித் தொல.”

அவன் முகம் மாறிவிட்டது. “ஜனவரியில பேரனுக்கு மொத பொறந்த நாள் மச்சான். என் குழி பூராவும் உப்பு, நீயே பாத்த. பெரியவங்க முன்னாடி பபாய் இல்லாம வெறும் சோத்தக் கொண்டுபோய் வெக்கச் சொல்றியா? அந்தப் புள்ள பொறந்ததுக்கே மரியாத இல்லாமப் போயிடும்.” பிறகு தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாக, அந்த வார்த்தையைச் சொன்னான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்திருப்பேன். ‘எடுத்துக்கோ’ என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அப்போது எரேத்தா சொன்னது நினைவுக்கு வந்தது.

“அது என்னுது இல்ல” என்றேன்.

“பின்ன யாருது?”

“தெரேசியாவோடது. அவ பேர்ல நட்டது. கேக்கணும்னா அவளத்தான் கேக்கணும்.”

“அவ ஆக்லாந்துல இருக்கா.”

“இருக்கா.”

“போன்ல கேக்குறேன்.”

“கேளு. துறையில நிக்கிற அத்தன பேருக்கும் அது காதுல விழும். ஊர்ல இருக்குற கடைசி பபாய். உனக்கு முந்தி வேற எவனாவது கேட்டுத் தொலைப்பான்.”

உன் அம்மா உள்ளேயிருந்து இருமினாள். கவுத்துனா உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போனான். அந்தப் புதன்கிழமை மனேயாபாவில் எனக்கு முன்னால், புதுப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறான்! உனக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொள்கிறானாம். உன் அம்மா அண்ணன் என்றும் பார்ப்பதில்லை, புருஷன் என்றும் பார்ப்பதில்லை. “ரெண்டும் ஒரே நத்தை” என்கிறாள். அவன் பாதி எழுத்தில் திரும்பி, “மச்சான், இது சரியா பாரு” என்று கேட்கிறான். கேட்டுவிட்டானே என்று நானும் திருத்திக் கொடுக்கிறேன். என் பபாயை என்னிடமிருந்து கொண்டுபோகிற கடிதத்தையும் பின்னாலிருந்து நானேதான் தள்ளுகிறேன்.

ஆகவே, மகளே, மாமன் கடிதம் வந்தால் மனம் கோணாமல் கொடுத்துவிடு. கிழங்கை அறுத்துக்கொண்டு தலையைத் திரும்ப நட்டால் முளைக்கும். கொஞ்ச வருஷம் ஆகும், ஆகட்டும். கிறிஸ்துமஸுக்கு வருவதைப் பற்றியும் யோசிக்காதே. டிக்கெட் விலை எக்கச்சக்கம், விருந்துக்கு இங்கே ஒன்றும் இல்லை, உன் கிழவர்களை யார் குளிப்பாட்டுவது? அதில் ஒருவருக்கு நீ தினமும் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறாயாம், அவர் சொன்ன கதையையே சொல்வாராம், நீயும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாயாம், உன் அம்மா சொன்னாள். அவர் கொடுத்து வைத்தவர் என்று நான் சொன்னதாகச் சொல். எனக்கும் அப்படி நாலைந்து கதைகள் இருக்கின்றன. பன்றிகள் கேட்கின்றன.

உன் கூரைமேல் மழை பெய்யட்டும், உன் தலைமேல் பெய்யாதிருக்கட்டும். உன் குவளைத் தண்ணீர் இனிக்கட்டும். கடல் உன்னைக் கண்டால் மரியாதையாகத் தள்ளி நிற்கட்டும். ஆரோக்கியமும் அமைதியும் உன்னோடு ஒரே பாயில் படுக்கட்டும். ஒன்றும் கேட்காத உன் அப்பா,
தெபானோ

பின்குறிப்பு: உன் அம்மா படித்துப் பார்த்தாள். “எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எதுக்காக எழுதக் கத்துக்கிட்டீங்களோ, அது மட்டும் இதுல இல்ல” என்று சொல்லிவிட்டு விறகு பொறுக்கப் போய்விட்டாள். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். நிஜமாகவே அடிக்க மனம் வரவில்லை, அத்தனையும் என் கையெழுத்து.

தெரேசியா, நான் கேட்கிறேன். புபுசி. உன் பபாயை எனக்குக் கொடு. யார் பேரில் நட்டதோ அவர்தான் வந்து பிடுங்க வேண்டும். அப்படி ஒரு வழக்கம் நம்மிடம் இல்லை, இன்று முதல் உண்டு. வந்து உன் கையால் பிடுங்கு, தேங்காய்ப்பால் விட்டு வேகவை, பாதியை மாமன் பேரன் பெயரால் பெரியவர்கள் முன் வை, மீதியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார். அந்த இலைகளின் பெயரைச் சொல்கிறேன். சொந்தக்காரன் கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது, தெரியுமல்லவா?

தபால் போகிற படகு சனிக்கிழமை. முதலில் கேட்டவன் நான்தான். கவுத்துனா தன் கடிதத்தில் இன்னும் உன் சுகத்தை விசாரித்து முடிக்கவில்லை.