ஐந்தாம் பலகையில் இருபது ஓட்டைகள்

மனித குலம் கண்டுபிடித்த கலைகளிலேயே அறத்தில் சிறந்தது துப்பாக்கி சுடுதல்தான். பேச்சில் புளுகலாம், பாட்டில் சுருதியை விழுங்கலாம். காகிதத்தில் விழுந்த ஓட்டையை மட்டும் யாராலும் மறுக்க முடியாது. இந்த மாபெரும் உண்மையின் மேல் எழுப்பப்பட்டதுதான் 'துல்லியச் சுடுவோர் சங்கம்'. தலைவர், ஒரு மரக்கடைக்காரர். செயலாளர், அவருடைய தம்பி. பொருளாளர், தம்பியின் மைத்துனர். குடும்ப ஆட்சி என்று சிலர் முணுமுணுத்தார்கள். வயிற்றெரிச்சல்! குறி சிதறாமல் இருக்க வேண்டுமானால் பதவியும் சிதறாமல் இருக்க வேண்டாமா?

சங்கங்களுக்கு இடையிலான போட்டிக்குப் போக ஒரே ஓர் இடம் இருந்தது. தகுதிச் சுற்றில் மிஞ்சியவர்கள் இருவர். நான்காம் இலக்குப் பலகை தலைவரின் மருமகனுக்கு, ஐந்தாம் பலகை தலைவரின் மகளுக்கு. மகள் மருந்துக்கடை நடத்துபவள். அந்த இடத்துக்காகவே வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்தவள். கட்டிய கணவரே எதிரில் நின்றாலும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

கணவரோ ஆயத்தத்தில் கரை கண்டவர். விறைப்பான புதுக் கோட்டு, ஒற்றைக் கைக்கு மட்டும் உறை, காற்றின் வேகத்தைக் காட்டும் கருவி, அந்தக் கருவி சொல்வது சரிதானா என்று பார்க்க ஒரு துண்டு ரிப்பன். இரண்டு இதயத் துடிப்புகளுக்கு நடுவே விசையை இழுக்க வேண்டும் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே குப்புறப் படுத்து, முதலில் துடிப்பைத் தேடினார்.

அவர் தேடி முடிப்பதற்குள் மகள் பத்துத் தோட்டாக்களையும் சுட்டுவிட்டாள். தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். பத்தும் நடுவட்டத்தில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு! வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்படியே படுத்திருந்தாள். பக்கத்தில் இருப்பவர் முடிக்கும்வரை எழக்கூடாது என்பது விதி.

கடைசியில் மருமகனும் சுட்டார். முகத்தில் முனிவரின் சாந்தம்.

பலகைகள் வந்தன. நான்காம் பலகை பிறந்த குழந்தையைப் போலக் களங்கமில்லாமல் இருந்தது. ஐந்தாம் பலகையில் இருபது ஓட்டைகள். பத்து நடுவில் கொத்தாக. மற்ற பத்தும் ஓரமெல்லாம் அம்மை வார்த்ததுபோல.

"மாப்ளே, பக்கத்துப் பலகையில சுட்டுட்டீங்களா?" என்றார் செயலாளர்.

"காத்தையே பாத்துக்கிட்டு இருந்தேனா... நம்பரப் பாக்கல."

குழு உடனே 'அவசரமாகக்' கூடித் தேநீர் வரவழைத்தது.

"நடுவுல இருக்கிற பத்தும் என்னோடதுப்பா. அவர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"சுட்டதும் நீ, சாட்சியும் நீன்னா எப்படிம்மா ஒத்துக்கிறது?" என்றார் தலைவர்.

"அப்ப மறுபடி சுடுவோம். நான் தயார்."

பொருளாளர் பதறிப்போனார். "முடிவு என்னன்னு தெரியாம எப்படிம்மா போட்டி வைக்கிறது?"

செயலாளர் மருமகனின் கோட்டைத் தடவிப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் ஓரத்துல சுட முடியுமா? நீயே சொல்லு."

"அதப் போட்டுக்கிட்டுத்தான் சித்தப்பா அடுத்தவ பலகையில சுட்டாரு!"

"அது பெருந்தன்மைம்மா."

தலைவர் தொண்டையைச் செருமினார். 'கொத்தாக உள்ளவை மருமகனுடையவை எனவும், சிதறியவை மகளுடையவை எனவும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்படுகிறது.' கை தட்டினார்கள். மகளுக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையும் வழங்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரிப்பவர்கள் தலைவர், செயலாளர், பொருளாளர்.

வெளியே படிக்கட்டில் கணவர் கோட்டைக் கழற்ற முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். அவள் கொக்கியை அவிழ்த்துவிட்டாள்.

"நடுவுல இருக்கிறது உன்னோடதுதான். எனக்கே தெரியும்," என்றார் மெதுவாக.

"தெரிஞ்சா உள்ள வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் நெனச்சேன். மாமா அவ்வளவு சந்தோஷமா இருந்தாரு..."

அவள் கோட்டை அவர் கையிலேயே திணித்துவிட்டு இறங்கிப் போனாள்.

சங்கத்தின் துல்லியத்தை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். மருமகனின் பத்துத் தோட்டாக்களும் பலகை மாறிப் போனது உண்மைதான். ஆனால் அந்த மூன்று பெரியவர்களும் நாற்காலியில் சாய்ந்தபடி, தேநீரைக்கூடக் கீழே வைக்காமல், ஒரே ஒரு தீர்மானத்தைத்தான் விட்டார்கள். அது இம்மியும் பிசகாமல் அவள் மேல் பாய்ந்தது.