பாப்பாவின் காதுகுத்தும் தீயணைப்பு மாமன்களும்

சங்ககிரி,
ஞாயிறு மாலை.

என்றும் மரியாதைக்குரிய, ஆனால் போனை மட்டும் எடுக்காத சென்னிமலை மாமாவுக்கு,

மருமகன் ஜீவா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அம்மா, அப்பா, பாப்பா, ஓடாத மிக்ஸி உட்பட அனைவரும் நலம். தங்கள் நலமும் போர்வெல் ரிக் வண்டியின் நலமும் அறிய ஆவல்.

சங்ககிரி வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய செய்தி ஒன்றை இதன்மூலம் அறிவிக்கிறேன். தங்கள் மருமகள் நிலானியின் காதில் கம்மல் ஏறிவிட்டது. சிவப்புக் கல்.

அன்றிலிருந்து தாங்கள் போனை எடுப்பதில்லை. மாமன் மடியை யாருக்கோ கொடுத்துவிட்டோம் என்று கோபமாம். அம்மா சொல்லிச் சொல்லி அழுகிறாள். அதனால்தான் தங்கள் ரிக்குக்குப் பார்ட்ஸ் ஏற்றிவரும் லாரியில் இந்தக் கடிதம்.

சத்தீஸ்கரில் குழிக்குள் ராடு மாட்டிக்கொண்டது, வர முடியாது என்று தாங்கள் சொன்ன அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "என்ற தம்பி மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்த மாட்டேன்." கோவிலில் சொல்லியாயிற்று, கிடாவும் பேசியாயிற்று. 108 வண்டி ஓட்டுகிற அப்பா, ஊரார் ஆபத்துக்கெல்லாம் சைரன் போட்டுப் போகிறவர், சொந்த வீட்டு ஆபத்துக்கு எந்த நம்பரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றார். நான்தான் அவர் போனை எடுத்து அவருடைய வேலைக்கான வாட்ஸப் குழுவில், "அவசரம். தாய்மாமன் ஒருவர் தேவை. மடி மட்டும் வந்தால் போதும்" என்று போட்டேன்.

அந்தக் குழுவில் இருப்பது ஆம்புலன்ஸ்காரர்களும் தீயணைப்புக்காரர்களும். பைபாஸில் லாரி கவிழ்ந்தால்தான் இவர்கள் சந்திப்பார்கள். ஒருவர் கதவை அறுப்பார், ஒருவர் ஆளைத் தூக்குவார். பிரியும்போது "அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். பார்த்தால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது என்று அர்த்தமாம். "பாக்காம இருப்போமுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப் பார்க்காமலிருக்க வேண்டிக்கொள்கிற சிநேகிதர்கள் அத்தனை பேரும் சீர்த்தட்டோடு கோவில் வாசலில் வந்து நின்றார்கள். வேட்டியில் பார்த்ததே இல்லை என்பதால், "நீங்க எந்த ஊருங்க?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

எருமப்பட்டி அத்தைதான் முட்டுக்கட்டை போட்டாள். "முறை இல்லாதவங்க மடியில எப்படிப் புள்ளைய வெக்கறது?"

கோவிலுக்கு எதிரே உள்ள தீயணைப்பு ஸ்டேஷனிலிருந்து டூட்டி உடையிலேயே வந்திருந்த கந்தவேல் அண்ணன் சொன்னார்: "போன வாரம் கெணத்துல இருந்து ரெண்டு ஆட்டையும் ஒரு வாத்தியாரையும் தூக்குனேனுங்க. யாரும் என்ன முறைன்னு கேக்கலைங்க."

அத்தை சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள், பல நாளைக்கு அப்புறம்.

கந்தவேல் அண்ணன் மடியில் பாப்பாவை வைத்து ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவள் அழுவதற்கு வாயைத் திறப்பதற்குள் எதிரே மணி அடித்தது. பைபாஸில் வைக்கோல் லாரி எரிகிறதாம். "புடி சாமி, அணைச்சுட்டு வாரேன்" என்று, கடைக்கு உப்பு வாங்கப் போகிறவர் மாதிரி பாப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அப்போது அஞ்சாநெஞ்சனாகிய நான் மணையில் அமர்ந்து, பாப்பாவை மடியில் இருத்தி, "நடக்கட்டும் ஆசாரி" என்றேன். மீதியும் சுபமாக முடிந்தது. ஆகவே தாங்கள் இல்லாத குறையே தெரியவில்லை. நிம்மதியாகக் குழி தோண்டலாம்.

புகை நாற்றத்தோடு திரும்பி வந்தவர்களுக்கு அம்மா தானே இலை போட்டாள். இடையில் மணி அடிக்கக் கூடாதென்று அம்மனைப் பார்த்துக்கொண்டே பரிமாறினாள். "ரசம் வரைக்கும் உக்காந்து திங்கறது எத்தனை நாளாச்சுங்க" என்று கந்தவேல் அண்ணன் சொன்னபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. டம்ளர் காலியாகக் காலியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

தாங்கள் துளைக்கும் இடமெல்லாம் நல்ல தண்ணீர் பீறிட வேண்டுகிறேன். உடனிருக்கும் அண்ணன்மாருக்கும் என் வணக்கம்.

தங்கள் அன்பு மருமகன்,
ஜீவா

பி.கு.: கடிதத்தைப் படித்த அம்மா, உண்மையை எழுதாவிட்டால் சோறு கிடையாது என்கிறாள். ஆசாரி இரண்டாம் காதுக்கு ஊசியைத் தூக்கியது வரை உண்மை. கண் விழித்தபோது பாப்பா அத்தை மடியில் இருந்தாள். நான், அப்பாவோடு ஆம்புலன்ஸில் வேலை செய்யும் ஜெயப்பிரியா அக்கா மடியில் இருந்தேன். "காலைத் தூக்கிப் புடிங்க, மூச்சு இருக்குது" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். கந்தவேல் அண்ணன் திரும்பியதும் மறுபடி மணையில் உட்காரச் சொன்னோம். மாட்டேன் என்றுவிட்டார். "ஒரு காது வரைக்குந்தானுங்க எங்க டூட்டி. இன்னொண்ணு அந்தப் புள்ளையோட மாமனுக்கு." பாப்பா ஒற்றைக் கம்மலோடு தெருவெல்லாம் திரிகிறாள். ராடு வெளியே வந்ததும் கிளம்பி வாங்க மாமா. அதுக்கு முன்னாடி அம்மா போனை எடுங்க.