கேத்தல் நானாவின் மஞ்சள் சுற்று

அரச ஊழியர்களை ஊர் மாற்றி எறியும் அதிகாரம் கொழும்பில் இல்லை, புத்தளத்தில் எங்கள் கந்தோர்க் குசினியில், ஒரு கால் ஆடும் மர வாங்கின் மேல்தான் இருக்கிறது என்று நான் இரண்டு மாதம் முழுமனதாக நம்பியிருந்தேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. சின்னப் பிள்ளை, விட்டுவிடுங்கள் என்று யாரும் எனக்காகப் பேச இடமில்லை.

அந்த வாங்கின் அதிகாரி கேத்தல் நானா. அவருடைய சொந்தப் பெயர் வரவுப் புத்தகத்தில் இருந்தது, அங்கேயே இருந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றுவதும், வந்த கடிதங்களை மேசை மேசையாகக் கொடுப்பதும் அவருடைய வேலை. மற்ற நேரமெல்லாம் தடித்த பருத்தி நூலை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கொக்கி ஊசியால் பிடிதுணி பின்னுவார். எங்கள் கேத்தலின் கைபிடியிலிருந்த மரக்கட்டை எப்போதோ கழன்று, வெறும் இரும்பு எஞ்சியிருந்தது. அதை வெறுங்கையால் தொட்டவர்கள் மேலதிகாரிக்கு முன்னால் சொல்லக்கூடாத சொற்களைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே பிடிதுணி அவசியம். ஆனால் ஒரு கேத்தலுக்குப் பதினொரு பிடிதுணி அவசியமா என்று கேட்டால், நானா சொல்வார்: "கேத்தலுக்கும் மாத்து உடுப்பு வேணுந்தானே சேர்."

குரோசே என்கிற இந்தக் கொக்கிப் பின்னலை அவர் பழகிய விதமும் ஒரு கதை. வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது வெளியேறி வந்து புத்தளத்து முகாமில் இருந்த காலத்தில், பெண்களுக்குப் பின்னல் பழக்க யாரோ வந்தார்களாம். கதிரை அடுக்க உதவிக்குப் போன நானா, அடுக்கிய கதிரையில் ஒன்றில் தானும் இருந்துவிட்டார். மூன்றாம் கிழமை பெண்களெல்லாம் நின்றுவிட, வகுப்பு அவர் ஒருவருக்காகவே நடந்ததாம்.

எங்கள் கந்தோரில் தேத்தண்ணிக்கு மணிக்கூடு கிடையாது. கேத்தலில் தேயிலைச் சாயத்தைப் போட்டுவிட்டு நானா ஒரு சுற்றுப் பின்னுவார். சுற்று முடிந்தால் சாயம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கடும் சாயம் கேட்கிறவருக்கு ஒன்றரைச் சுற்று. நோன்பு மாதத்திலும் எங்களுக்கு ஊற்றுவார். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்காமலே, சுற்றைப் பார்த்துச் சரியாக இறக்குவார்.

பகல் இரண்டு மணிக்கு அந்தக் குசினி வாசலில் நின்று பார்க்க வேண்டும். களப்புக் காற்று உப்பு மணத்தோடு வரும். தூரத்து உப்பளங்களின் வெள்ளை, யன்னலெல்லாம் ஏறி நிற்கும். வெளியே கழுதை ஒன்று நின்ற நிலையில் தூங்கும். உள்ளே நாங்கள் இருந்த நிலையில் தூங்குவோம். நானாவின் மடியில் மட்டும் சிவப்பு ஒரு சுற்று, செம்மஞ்சள் ஒரு சுற்று, பச்சை ஒரு சுற்று என்று நிறங்கள் விரிந்துகொண்டே போகும், குளத்தில் கல் போட்டதுபோல. அதைப் பார்த்துக்கொண்டு நின்றே நான் கண்ணயர்ந்து, கோப்பையை விட்டிருக்கிறேன். எத்தனை கோப்பை என்று இங்கே சொல்வது நல்லதல்ல.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன்.

அந்த வருடம் நானா களஞ்சியக் கிளாக்கருக்கு ஒரு பிடிதுணி பின்னிக் கொடுத்தார். பத்து நாளில் அவருக்கு மொனராகலைக்கு மாற்றம் வந்தது. பிறகு கணக்குப் பகுதி மிஸ்ஸுக்கு ஒன்று, அவருக்கு அம்பாந்தோட்டை. பிறகு சாரதிக்கு ஒன்று. அவரைக் குளிர் மலை நுவரெலியாவுக்குத் தூக்கினார்கள். பிடிதுணியைக் கையுறையாகப் போட்டுக்கொண்டுதான் அவர் பஸ் ஏறினார்.

"நானா ஒண்டு பின்னிக் குடுத்தாரெண்டால், பெட்டியக் கட்ட வேண்டியதுதான்" என்றார் டைப்பிஸ்ட் அக்கா. அவர் பகிடிக்குச் சொன்னார். ஊர் முழுவதையும் பகிடி பண்ணித் திரிகிற எனக்கு அது பகிடி என்று விளங்கவில்லை.

காரணம் இருந்தது. என் மனைவி புத்தளத்தில் பள்ளிக்கூட ரீச்சர். நான் எட்டு வருடம் வேறு வேறு ஊர்களில் வேலை செய்து, சனி ஞாயிறு மட்டும் புருஷனாக இருந்தவன். மகள் என்னைப் பார்த்து "இவர் எத்தின மணிக்குப் போவார்?" என்று தாயிடம் கேட்ட நாளில்தான், ஓடித்திரிந்து புத்தளத்துக்கு மாற்றம் எடுத்தேன். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ஒரு திங்கட்கிழமை நானா தேத்தண்ணியை என் மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"சேருக்கு என்ன கலர் விருப்பம்?"

"ஏன் நானா?"

"சும்மாதான். ஒண்டு பின்னுவமெண்டு."

"எனக்குக் கலரே விருப்பமில்ல நானா. சின்ன வயசில இருந்தே விருப்பமில்ல."

"அப்ப எல்லாக் கலரும் போடுறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் கதிரையிலேயே ஒரு கனவு கண்டேன். உப்பளத்து நடுவில் நான் பெட்டியோடு நிற்கிறேன். வானத்தில் வட்ட வட்டமாகப் பிடிதுணிகள் பறக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான் போகாத ஓர் ஊரின் பெயர் இருக்கிறது. விழித்தபோது ஒரு திட்டம் இருந்தது. என் வாழ்க்கையில் தூங்கி எழுந்து தீட்டிய திட்டம் ஒன்றாவது உருப்பட்டதில்லை. ஆனாலும் எழுந்தேன்.

பின்னி முடிந்தால்தானே கையில் தருவார்? முடியாமல் பார்த்துக்கொண்டால் போகிறது.

குரோசேக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கடைசிக் கண்ணியிலிருந்து ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால், ஒரு மறுப்பும் சொல்லாமல் வந்துகொண்டே இருக்கும். மத்தியான லுஹர் தொழுகைக்கு நானா பள்ளிக்குப் போகும் நேரம் நான் குசினிக்குள் போவேன். ஒரு சுற்றை உருவி, பந்தில் சுற்றி, மிச்சக் கண்ணியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு வருவேன். காலையில் அவர் ஒன்றரைச் சுற்று ஏற்றினால், மத்தியானம் நான் ஒன்றரைச் சுற்று இறக்குவேன். கந்தோரில் நான் தவறாமல் செய்த ஒரே வேலை அதுதான்.

நான் கணக்கில் எடுக்காதது நிறத்தை. சுற்றுக்கு ஒரு நிறம் அல்லவா?

இரண்டாம் கிழமை நானா பின்னலைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "சேர், இது என்ன கலர்?"

"பச்சை."

"எனக்கும் பச்சையாத்தான் தெரியுது." பின்னலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தொழப் போகக்குள்ள மஞ்சளாத் தெரிஞ்சிச்சே."

நான் பைலுக்குள் முகத்தைப் புதைத்தேன். அவர் டைப்பிஸ்ட் அக்காவிடம் காட்டினார்; மேலதிகாரியிடம் காட்டினார்; கடைசியில் வெளியே நின்ற கழுதைக்கும் காட்டினதாகக் கேள்வி. அன்றிலிருந்து அவர் கண்ணியைக் கையால் தடவித் தடவி எண்ணத் தொடங்கினார். ஒரு சுற்றுக்கு இருந்த நேரம் மூன்று மடங்காகியது. மணிக்கூடு பிந்தினால் சாயம் நிற்குமா? தேத்தண்ணி கசாயமாகியது. மேலதிகாரி கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நானாவுக்கு வயசு போட்டுது" என்று முதல் தடவையாகச் சொன்னார். நான் என் கோப்பைக் கசாயத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன்.

வியாழக்கிழமை அவர் அரைநாள் லீவு எடுத்துக் கண் டொக்டரிடம் போனார். கண்ணில் மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். வெளிச்சம் கூசக் கூசத் திரும்பி வந்தவர், லீவு என்றும் பாராமல் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார்.

"டொக்டர் என்ன சொன்னார் நானா?"

"கண்ணு இருவது வயசுக்காரன்ட மாதிரி இரிக்காம்." வாங்கில் மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப தலையிலதான் கோளாறு. ஊருக்குப் போற நேரம் பாத்து இப்பிடி வருதே சேர். என்ட வளவு எல்லையெல்லாம் தலைக்குள்ளதான் வச்சிரிக்கன். வேலி இல்ல, மரம் இல்ல, கேக்க ஆளும் இல்ல. நான்தான் நிண்டு காட்ட ஏலும்."

"எந்த ஊருக்கு நானா?"

"மன்னார்ப் பக்கம், எங்கட ஊருக்கு. ஊர மூடியிருந்த காட்ட வெட்டிட்டாங்களாம், திரும்பிக் குடியேறலாமாம். மாசக் கடைசியில போறன். பெரிய சேரத் தவிர ஒருத்தருக்கும் சொல்லயில்ல; சொன்னா நீங்க பிரியாவிடைக் கூட்டம் வச்சுக் கதைப்பீங்க."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "உங்கட தலைக்கு ஒண்டுமில்ல நானா. நான்தான் உருவினது."

"என்னத்த?"

"மஞ்சள. மஞ்சள் மட்டுமில்ல, எல்லாக் கலரையும். நீங்க பள்ளிக்குப் போற நேரம்."

அவர் கண்ணைச் சுருக்கி என்னைத் தேடினார். மருந்தில் நான் இரண்டு பேராகத் தெரிந்திருப்பேன். இரண்டு பேரும் முழித்திருப்போம். எனக்கு ட்ரான்ஸ்பர் வந்துவிடும் என்ற பயத்தையும் மகள் கேட்ட கேள்வியையும், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ட்ரான்ஸ்பரா? உங்களயா? உங்கள எந்தக் கந்தோர் சேர் கேட்டு எடுக்கப் போவுது?"

"அப்ப அந்த மூண்டு பேரும்?"

"அவங்க கடிதத்தக் கண்டவுடனே இஞ்ச வந்துதானே அழுதவங்க. மிஸ் அந்த மூலையில நிண்டு அழுதா. போற ஊர்ல தேத்தண்ணி ஊத்தித் தர ஆள் இரிக்குமோ இல்லியோ. தானா ஊத்தினா கை சுடுமே எண்டுதான் பின்னிக் குடுத்தன்."

"எனக்கு?"

"எனக்குப் பதிலா ஆளனுப்ப இவங்களுக்கு எத்தின மாசம் செல்லுமோ. மத்தாக்கள் கடையில குடிப்பாங்க. நீங்க ஒரு நாளைக்கு ஆறு கோப்பை. போன பெருநாள் லீவில கேத்தலப் பைலால பிடிச்சுத் தூக்கினத நான் கேள்விப்படயில்லியா?" கண்ணைத் துடைத்தார். மருந்தாக இருக்கலாம். "அப்ப என்ட தலை நல்லா இரிக்கி" என்று தனக்குள் சொன்னார். பிறகு இன்னொரு தரம் சொன்னார்.

மறுநாள் முழுவதும் நான் அவருக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்து நூற்பந்தைப் பிடித்துக் கொடுத்தேன். யன்னலில் உப்பளத்து வெள்ளை ஏறி, பொன்னாகி, இறங்கியது. பச்சைக்கு மேல் மஞ்சள் ஏறியது. யாரும் அதை உருவவில்லை.

எனக்கு இடமாற்றக் கடிதம் வரவில்லை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, கேத்தல் நானா மன்னார் பஸ்ஸில் ஏறினார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவருக்குப் பதில் யாரும் வந்திருக்கவில்லை. நான் குசினிக்குப் போய், நானா எனக்குப் பின்னித் தந்த பிடிதுணியால் கேத்தலைத் தூக்கித் தேத்தண்ணி ஊற்றினேன். நானா போன பிறகு கந்தோரில் நாங்கள் இருந்தது ஏழு பேர். எட்டுக் கோப்பை ஊற்றியிருந்தேன்.