மகாகனி மேசைக்குப் பட்டி பார்த்த மாப்பிள்ளை

கைவேலை தெரிந்தவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கோ மூளைக்குச் சேர வேண்டிய பங்கையும் சேர்த்து வாய்க்கே கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையில், ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்களின் சாமான்களைப் பெட்டி கட்டி அனுப்பும் கம்பெனியில் நான் தச்சன். நாகர்கோவில் பக்கத்து வேதக்கோயிலில், சபைக்குக் கல்யாணத்தை அறிவிக்கும் என் ஓலையை ஒரு ஞாயிறு வாசித்தும்விட்டார்கள். அடுத்த வாரம் லீவு. (மாப்பிள்ளை மிதப்பு வேறு. கேட்கவா வேண்டும்!)

அப்போதுதான் அந்தச் சீட்டாட்ட மேசை வந்தது. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் லண்டன் தச்சன் ஒருவன் மகாகனியில் செய்தது. துடைத்துப் பெட்டியில் வைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேலை. மடித்திருந்த மேல்பலகையைத் திறந்தேன். நடுவில் பச்சைத் துணி. மூலைக்கு மூலை வட்டக் குழி, பக்கத்துக்குப் பக்கம் நீளக் குழி. பின்கால் ஒன்று, தொட்டதும் கையோடு நகர்ந்து வந்தது.

"பாத்தீரா அண்ணே, பலகையைச் சமமா இழைக்கத் தெரியல. காலும் ஆடுது. இவனெல்லாம் ஒரு ஆசாரி!" என்றேன் ஃபோர்மேன் ஸ்டீபன் அண்ணனிடம்.

"லேய், தொடைக்கச் சொன்னா தொடை. ஒனக்கு எதுக்குடே அந்தச் சோலி?" என்றார் அவர்.

கேட்டேனா? எட்டுக் குழிக்கும் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினேன். ஆடிய காலுக்குப் பசை ஊற்றி மூன்று ஸ்க்ரூ இறக்கினேன். மேலே பளபளவென்று வார்னிஷ். லண்டன்காரனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த திருப்தியில் டீ குடிக்கப் போனேன்.

பெட்டியை ஆணி அடிக்குமுன் பார்க்க வந்த சொந்தக்கார வெள்ளைக்காரர், மேசையைத் திறந்தார். குழி இருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார். வட்டக் குழி மெழுகுவர்த்திக்கு, நீளக் குழி பந்தயக் காசுக்கு, பின்கால் வெளியே திரும்பி விரித்த பலகையைத் தாங்குவதற்கு. அந்தக் காலுக்கு மரத்தையே கீலாகச் செதுக்கியிருந்தான் அந்த மகராசன். என் மூன்று ஸ்க்ரூவும் அதற்குள்தான் இருந்தன. (வெட்கங்கெட்டவன் நான், வார்னிஷையாவது பாராட்டுவார் என்று நின்றேன்.)

லாகூர்க்கார மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "பஹலே டேபிள் டீக் கரோ. லீவு மாஃபி!"

மேசை பழையபடி ஆகும்வரை லீவும் இல்லை, ஊரும் இல்லை. மூன்று மாசம் உட்கார்ந்து பட்டியைச் சுரண்டினேன். ஒவ்வொரு குழியாகத் திறக்கத் திறக்கத்தான் தெரிந்தது, அவன் ஆசாரி, நான் வெறும் சுத்தியல் பிடித்தவன்.

கல்யாணம் தள்ளிப்போனதைப் பெண்ணின் அப்பாவிடம் நானே போனில் சொன்னேன். "மாமா, ஒரு சீட்டாட்ட மேசையால லீவு போச்சு."

"அடப்பாவி, லீவையுமா வச்சு ஆடினீரு?" என்றார்.

சீட்டைத் தொட்டதே இல்லை என்று பாதிரியார் முன்னால் சத்தியம் செய்த பிறகே பெண்ணைக் கொடுத்தார்கள். சீட்டில் ராஜா எது, ராணி எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டில் சீட்டாடும்போது நான் தலைகாட்டினால் போதும், மாமியார் சீட்டுக்கட்டை மடியில் மறைத்துக்கொள்வார். நடந்ததெல்லாம் தெரிந்த என் மனைவியோ, சிரிக்காமல் தாலியைச் சேலைக்குள் தள்ளிக்கொள்வாள்.