மைனாவைக் கேட்கும் வரி

ஒரு காட்டில் மழைக்காலம் தொடங்குமுன் மேட்டு வளைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி இருந்தது. விண்ணப்பத்தை இணையதளத்தில்தான் ஏற்ற வேண்டும். அன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிவரை நேரம்.

முயல் காலையிலிருந்து ஏழு முறை முயன்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் திரையில் ஒரே வரி: ‘கோப்பைச் சேமிக்க அனுமதி இல்லை.’ அதன் பள்ளத்து வளையில் ஏற்கெனவே ஈரம் ஏறியிருந்தது. உள்ளே பிறந்து மூன்று நாளான நான்கு குட்டிகள்.

தளத்தைக் கட்டிய கீரியிடம் ஓடியது.

“தம்பி, எனக்கு மட்டும்தான் இப்படியா, இல்ல எல்லாருக்குமா?”

“எல்லாருக்கும்தான் அக்கா.”

“அப்பாடா,” என்றது முயல். பிறகு யோசித்து, “அதுல எனக்கென்ன லாபம்?” என்றது.

விண்ணப்பங்கள் ஆற்றுக்கு அக்கரையில், ஒரு குகையில் இருந்த கணினியில் போய்ச் சேர வேண்டும். அதன் டிரைவ் நெட்வொர்க் வழியாக இக்கரையிலும் திறக்கும். கீரி தன் இடத்திலிருந்தே அதைத் திறந்து ‘சோதனை’ என்று ஒரு கோப்பை வைத்தது. வைக்க முடிந்தது.

“உனக்கு மட்டும் முடியுது!”

“நான் என் பேர்ல போறேன் அக்கா. தளம் வேற பேர்ல போகுது.”

தளத்தின் பெயருக்கும் எழுதும் உரிமை கொடுத்தது. அனுமதி இல்லை. எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்து மறுபடி இயக்கியது. அனுமதி இல்லை. மணி நாலரை.

கீரி நிரலை வரிவரியாகப் படித்தது. எழுதுவதற்கு முன் தளம் ‘எழுதலாமா?’ என்று ஒருமுறை கேட்டது. அதற்குப் பதில் சொல்வது மைனாவின் வேலை. மைனா இக்கரையில் ஒரு கிளையில் உட்கார்ந்திருந்தது.

“அக்கரைக்குப் போய்ப் பார்த்தியா?” என்றது கீரி.

“அவ்வளவு தூரம் யார் போவா? இங்கேருந்து பார்த்தா குகைக் கதவு மூடின மாதிரி இருக்கு. இல்லைன்னு சொல்றேன்.”

“திறந்திருந்தா?”

“இல்லைன்னு சொன்னதுக்காக இதுவரைக்கும் யாரும் என்னைத் திட்டினதில்லை.”

கீரி மைனாவைக் கேட்கும் வரியையே எடுத்துவிட்டது. நாலு ஐம்பத்தெட்டுக்கு முயலின் விண்ணப்பம் அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கதவு திறந்துதான் இருந்தது.

மறுநாள் தலைமை அலுவலரான காட்டெருமை கீரியைக் கூப்பிட்டது.

“அனுமதி கேட்காம எழுதினியாமே?”

“கேட்டா இல்லைன்னு சொல்லுது, ஐயா.”

“சொல்லட்டுமே. கேட்கணும்ங்கிறது விதி. அந்த வரி இன்னைக்கே திரும்ப வரணும். வரலைன்னா நேத்து வந்த விண்ணப்பம் எல்லாம் தள்ளுபடி.”

வாசலில் நின்ற முயலின் காதுகள் தொங்கிப்போயின.

கீரி போய் அந்த வரியைத் திரும்ப வைத்தது. இப்போது தளம் மைனாவிடம் பணிவாகக் கேட்கிறது. மைனா இல்லை என்கிறது. தளம் எழுதிவிடுகிறது.

வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காட்டெருமை கையெழுத்துப் போட்டது. முதல் மழை கொட்டியபோது முயல் குட்டிகளோடு மேட்டில் இருந்தது. அந்த ஆண்டு முழுக்க ஒரு கேள்விக்கும் பதில் சொல்லத் தவறாத மைனாவுக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது.

நீதி: அனுமதி கேட்டே ஆக வேண்டும். பதிலைப் பொருட்படுத்த வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.