திண்டிவனம் குளத்தில் ஒரு வட்டம்

நீச்சலில் மெடல் வாங்கியவன் என்றுதான் வெளியார் என்னை அறிமுகப்படுத்துவார்கள். முதல் போட்டியில் நான் செய்த காரியத்தை யாரும் சொல்வதில்லை. (வீட்டார் சொல்வார்கள். கேட்காதவர்களிடமும் சொல்வார்கள்.)

எனக்குப் பிறவியிலேயே இடது கை முழங்கையோடு சரி. நீச்சல் பழகியது கோலியனூரில், எங்கள் பம்புசெட்டுக் கிணற்றில். ஒரு கையால் வலித்தால் உடம்பு தானாக இடப்பக்கம் வளையும். கிணறோ வட்டம். இரண்டுக்கும் அப்படியொரு பொருத்தம்! கண்ணை மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்துவேன். (தவளையைத் தவிர உள்ளே பார்க்க என்ன இருக்கிறது?) நான் கோணலாகப் போகிறவன் என்பது எனக்கும் தெரியாது, கரையில் நின்று விரட்டிய ஸ்டெல்லா அக்காவுக்கும் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்தில் ஊனமுற்றோர் நீச்சல் போட்டி வைத்தார்கள். தடம் பிரிக்கக் கயிறு எதுவும் கட்டாத பெரிய குளம். இக்கரையிலிருந்து அக்கரைக்கு முதலில் போகிறவர் மாநிலப் போட்டிக்கு மெட்ராஸ் போகலாம். அப்பா முன்பே சொல்லிவிட்டார்: “செலக்ட் ஆவலன்னா நீச்சலு கீச்சலெல்லாம் உட்டுட்டு மாமா சைக்கிள் கடையில போய் குந்திக்கணும்.”

அக்கா துண்டோடு அக்கரையில் போய் நின்றாள். விசில் கேட்டதும் குதித்தேன். அன்று நீந்தியதுபோல் என்றுமே நீந்தியதில்லை. பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. எல்லோரையும் முந்திவிட்டோம் என்று பூரித்துப்போனேன். விரல் படியில் பட்டதும் எழுந்து கையை உயர்த்தினேன்.

விசில் ஊதிய பி.டி. மாஸ்டர் குனிந்து பார்த்தார்.

“இன்னாப்பா, எதனா மறந்துட்டியா?”

திரும்பினேன். அக்கரையில் மற்ற ஆறு பேரும் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா துண்டை ஆட்டிக் கத்தினாள்: “டேய் அந்தோணி! இங்கடா! இங்க!”

கரையில் சிரித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே நடந்து போவதைவிடத் தண்ணீரே மேல் என்று மறுபடி விழுந்தேன். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு, நாலு வீச்சுக்கு ஒருதரம் அக்காவின் துண்டைப் பார்த்துக்கொண்டே போனேன். அழுதேன் என்பதும் உண்மை. குளத்தில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது.

பஸ் விழுப்புரம் வரும்வரை அப்பா டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். இறங்கும்போது அக்காவிடம் சொன்னார்: “மத்தவன்லாம் ஒருவாட்டிதான் நீஞ்சினான். இவன் நிக்காம ரெண்டுவாட்டி நீஞ்சிருக்கான். வர்ற வருஷமும் இட்டுக்கினு போ. நேரா போவ மட்டும் கத்துக் குடு.”

அடுத்த வருடம் மெட்ராஸ் போனேன். பிறகு எத்தனையோ ஊர்கள், எத்தனையோ நீச்சல் குளங்கள். எல்லாவற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். (எனக்காகவே கட்டியது என்பாள் அக்கா.) ஆனால் திண்டிவனத்துக்குப் பிறகு எந்தப் போட்டியிலும் அவள் முடிகிற பக்கம் போய் நின்றதில்லை. துண்டோடு புறப்படுகிற பக்கமே நிற்பாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“ஜெயிச்சா அந்தாண்ட உன்ன தூக்கிக்க ஆயிரம் பேரு வருவான். திரும்பி வந்தா இந்தாண்ட யாருடா இருக்கா?”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பரீட்சைக்கோ, பெண் பார்க்கவோ யார் கிளம்பினாலும், “நான் எந்தாண்ட நிக்கட்டும்?” என்று கேட்காமல் அக்கா அனுப்புவதில்லை.