மௌஸ் தேவைப்படாதவள்

எனக்கு மௌஸ் பிடிக்கத் தெரியாது. அதை மறைக்காமல், ஏதோ பட்டம் வாங்கியவள் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு.

கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்த பழைய லேப்டாப்பில், அம்பை நகர்த்த விரலால் தடவும் பட்டை செத்துப்போயிருந்தது. ஒரு மௌஸ் வாங்கியிருந்தால் தீர்ந்தது. நான் வாங்கவில்லை. கண்ட்ரோல், ஆல்ட் என்று விசைகளைச் சேர்த்து அழுத்தியே எல்லா வேலையையும் முடிக்கப் பழகினேன். தோழிகள் வாய் பிளந்தார்கள். (இரண்டு பேர்தான். ஒருத்தி கொட்டாவி விட்டிருக்கவும் கூடும்.) வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, மௌஸ் இல்லாமலே வேலை செய்வேன் என்று தனி வரியே போட்டேன்.

நாங்கள் குடியேறிய தெலுங்கு ஊரில், கச்சிபௌலி பக்கம் ஓர் அலுவலகம் கணினித் தேர்வுக்குக் கூப்பிட்டது. படிப்பு முடிந்து இரண்டு வருடம் சும்மா இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. அந்த மாதக் கடைசியில் அப்பா திருமுல்கேரி ஆபீஸிலிருந்து ஓய்வு பெறுகிறார். அண்ணன் சம்பளம் வாடகைக்கே போய்விடும், நானும் சம்பாதித்தால்தான் அவர் வீட்டில் உட்கார முடியும். அம்மா ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பம் வைத்துவிட்டு, அதே மூச்சில் நன்றியும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

தேர்வு சுலபம். திரையில் ஒரு கடிதம் இருக்கும். அதில் ஓர் அட்டவணையைச் செருகிச் சேமிக்க வேண்டும். இருபது நிமிடம் தந்தார்கள். எனக்கு இரண்டு நிமிடம் போதுமே என்று சிரித்துக்கொண்டே, மெனுவைத் திறக்க ஆல்ட்டை அழுத்தினேன்.

சிவப்புப் பெட்டி ஒன்று குதித்தது. ‘தேர்வை விட்டு வெளியேற முயல்கிறீர்கள். முதல் எச்சரிக்கை. மூன்றாவதில் தேர்வு மூடப்படும்.’

காப்பி அடிப்பதைத் தடுக்க இந்த மாதிரித் தேர்வுகளில் சேர்க்கை விசைகளைப் பூட்டி வைப்பார்களாம். ஊருக்கே தெரிந்த விஷயம். பதறிப்போய், அந்தப் பெட்டியை மூடித் தொலைக்க வேண்டுமே என்று ஆல்ட்டையும் எஃப் நான்கையும் அழுத்தினேன். (இரண்டாவது எச்சரிக்கை.)

மேற்பார்வைக்கு நின்ற பெண் குனிந்து, “மௌஸ் வாடண்டி மேடம்” என்றாள். தெலுங்கில் அவ்வளவு மரியாதையாக மௌஸைப் பயன்படுத்தச் சொன்னாள். மௌஸ் பக்கத்திலேயே இருந்தது, அதைப் பிடிக்கும் பழக்கத்துக்கு நான் எங்கே போவேன்?

மெனுவில் ‘அட்டவணை’ என்ற வரியில் அம்பை வைத்தால் பக்கத்தில் ஒரு குட்டிப் பட்டியல் விரியும். அம்பை நேராக வலப்பக்கம் நகர்த்தி அதற்குள் போக வேண்டும். என் அம்பு குறுக்கே போனது. பட்டியல் பட்டென்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி மூடியது. ஒருமுறை மௌஸ் மேசையைத் தாண்டி என் மடியிலேயே விழுந்தது. பக்கத்து நாற்காலிக்காரன் முடித்துவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்தான்.  கடைசியில் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, பதினேழாவது நிமிடம் உள்ளே போய்விட்டேன். குறுக்கே நாலு வரிசை, நெடுக்கே மூன்று. அவ்வளவு அழகான அட்டவணையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

சேமிப்பது ஒன்றுதான் பாக்கி. சந்தோஷத்தில் விரல்கள் தாமாகவே போய்க் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தின.

திரை மூடிக்கொண்டது. ‘முறைகேடு காரணமாகத் தேர்வு நிறுத்தப்பட்டது.’

கச்சிபௌலியிலிருந்து வீடு வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். முறைகேடு என்று அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னதுமே, வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, பிட்டு அடிச்சியா?”

“இல்லம்மா, சேவ் பண்ணேன்.”

“சேவ் பண்ணதுக்கா வெளிய அனுப்புதான்?”

“ஹவ்மா, இந்த ஊர்ல அப்படித்தான்” என்று இந்த ஊர் உருதில் ஆமாம் போட்டான் என் அண்ணன் டேனியல். சிரிப்பில் அவனுக்குப் புரை ஏறியது.

அப்பா ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு கிடங்கில் கணக்கு எழுதச் சேர்ந்தார். எனக்கு வேறு வேலை கிடைக்கும்வரை, ஒன்றரை வருடம் போனார். அவர் சாப்பாட்டுப் பையை எடுக்கும் சத்தம் கேட்டால், நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அன்றிலிருந்து, குழம்பில் உப்புக் கூடினாலும் சரி, சாவியைத் தொலைத்தாலும் சரி, அண்ணன் விரலைத் தூக்கி “முதல் எச்சரிக்கை” என்பான். வீடே சிரிக்கும். நானும் சிரித்து வைப்பேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லலாம் என்று போதகர் அறிவிப்பார். முதல் ஞாயிறு அண்ணன் பின் பெஞ்சிலிருந்து, “முதல் எச்சரிக்கை” என்று கிசுகிசுத்தான். அடுத்த வாரம் அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூன்றாம் ஞாயிறு போதகர் என் பெயரை வாசித்தபோது, யாராவது எழுந்து, இவள் முறைகேடு செய்தவள் என்று சொல்லிவிடுவார்கள் என்றே நம்பினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அண்ணன் பின்னாலிருந்து என் தோளைத் தட்டினான்.

“ஏட்டி ஜெபா, ஸ்கிரீன் மூடல. கண்ணத் தொற.”